பழைய டேசனைத் தொறந்துட்டாவ

நான் பிறந்தது ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஒரு ரயில்வே ஸ்டேஷனின் வெயிட்டிங் ரூமில். தாராவியில் எங்கள் சந்து முழுக்க என்னை 'டேசன்காரி' என்றுதான் கூப்பிடும். சின்ன வயதில் அதற்காகவே பல பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது.

தலைப்பிரசவத்துக்குப் பம்பாயிலிருந்து தாய்வீட்டுக்குப் போன அம்மாவுக்கு, திருநெல்வேலி தாண்டி பாசஞ்சர் வண்டியில் போகும்போதே வலி கண்டுவிட்டது. ஊர் வர இன்னும் ரெண்டு ஸ்டேஷன் கிடந்தது. வழியில் ஒரு சின்ன டவுன் ஸ்டேஷனில் இறக்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஆம்பளைகளை எல்லாம் வெளியே விரட்டிவிட்டு, வாசலில் சேலையைக் கட்டச் சொன்னாராம். முதலில் அண்ணன், பின்னாலேயே நான். அவன் பொழுது சாயும்வரைதான் இருந்தான். பிளாட்பார்ம் முடிகிற இடத்தில் பூவரச மரத்தடியில் அவனைப் புதைத்துவிட்டு, என்னை மட்டும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பேர்கூட வைக்கவில்லை, பாவம்.

பம்பாய்க்காரர்கள் வெறுங்கையோடு ஊருக்குப் போவோமா? எங்கள் வீட்டில் முக்குக்கடை நான்கட்டாய் பிஸ்கட்தான். சித்தி பிள்ளைகளுக்கு, மாமா பிள்ளைகளுக்கு என்று பங்கு பிரித்துப் பொட்டலம் கட்டும்போது அம்மா ஒரு பங்கு கூடுதலாகக் கட்டுவாள். யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. வண்டி அந்த ஸ்டேஷனில் நிற்கிற நேரத்துக்குள் ஓடிப்போய் மரத்தடியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க ஏறி வருவாள்.

அகலப்பாதை போட்டபோது ஸ்டேஷனை ஊருக்கு வெளியே தள்ளிக் கட்டிவிட்டார்கள். பழைய கட்டடம் கொஞ்ச காலம் சிமெண்ட் குடோன். அப்புறம் சீட்டாடுகிறவர்களும் ஆடுகளும். கடைசியில் சுற்றிலும் சுவர் எழுப்பிப் பூட்டியே விட்டார்கள். அம்மா ஆட்டோ பிடித்துப் போய், சுவருக்கு மேலே பொட்டலத்தை எறிந்துவிட்டு வருவாள். "நாய்க்கு எறியுத மாதிரில்லா எம்புள்ளைக்கு எறியுதேன்" என்று ஆட்டோவிலேயே அழுவாள். மரத்தடியில் தன் கையால் ஒரு தடவை வைத்துவிட்டால் போதும் அவளுக்கு, வேறு ஒன்றும் வேண்டாம்.

போன வருஷம் சித்தி போன் போட்டாள். "எக்கா, அந்தப் பழைய டேசனைத் தொறந்துட்டாவ! ஒரே கூட்டம், நிக்க எடமில்ல."

தொறந்துட்டாவ. அந்த ஒரு சொல் போதாதா எங்கம்மாவுக்கு? மறுபடி வண்டி நிற்கிறது என்று சந்து முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். நானும் ஒரு கோட்டிக்காரி, சித்தியிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? தாதரில் ஏறி, திருநெல்வேலியில் வண்டி மாறினோம். முழங்கால் வலியோடு அம்மா வழி முழுக்கப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வண்டி புது ஸ்டேஷனில்தான் நின்றது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆட்டோவில் போய் இறங்கினால், திறந்திருந்தது ஹோட்டல். டிக்கெட் கவுண்டரில் பில் போடுகிறார்கள். வண்டி வரும்போது அடிக்கிற தண்டவாளத் துண்டை, பார்சல் ரெடியானால் அடிக்கிறார்கள். பூவரசு இல்லை. அந்த இடத்தில் சிமெண்ட் பூசிப் பிள்ளைகளுக்குச் சறுக்கு வைத்திருந்தார்கள்.

அம்மா பொட்டலத்தோடு சறுக்கைப் பார்த்து நடந்தாள். வாட்ச்மேன் மறித்தார்.

"வெளித் தீனி உள்ள கொண்டு போகக்கூடாதும்மா. போர்டு போட்டிருக்கோம்லா."

"எங்களுக்கு இல்லய்யா. எம்புள்ளைக்கு."

"யாருக்கா இருந்தாலும் ரூல்ஸு ரூல்ஸுதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "க்யா ரூல்ஸ், க்யா ரூல்ஸ்!" என்று தாராவி இந்தியில் கத்திவிட்டேன். அவர் மிரண்டுபோய்ப் பொட்டலத்தை வாங்கித் தன் நாற்காலியில் வைத்துக்கொண்டு, "போம்போது வாங்கிக்கிடுங்க" என்றார். அவரைச் சொல்லி என்ன, அவருக்கு என்ன தெரியும்?

அம்மா என் கையைப் பிடித்தாள். "விடுட்டி. உள்ள போவோம்."

வெயிட்டிங் ரூம் இப்போது ஏசி ஃபேமிலி ரூம். நாங்கள் ரெண்டு பேரும் பிறந்த அறை. மேஜை துடைக்கிற துணியோடு சர்வர் வந்தார்.

"எத்தன பேரும்மா?"

"மூணு பேரு" என்றாள் அம்மா.

சர்வர் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு மூன்று இலை போட்டார். அம்மா நடு இலைக்குத்தான் முதலில் தண்ணீர் தெளித்தாள். அதில் இட்லி வைத்துவிட்டு அவர் சட்னி வாளியை நீட்டியபோது கையை மறித்தாள். "வேண்டாம்யா, சின்னப்புள்ள. காரம் தாங்காது. கொஞ்சம் சீனி கொண்டாங்க."

எனக்குத் தலை நரைத்துவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். நானும் என் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.