டக் சத்தத்துக்கு முன்னால்

அக்காவின் காதைப் பற்றி உலகத்துக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது தெருவில் ஓர் எறும்பு தும்மினால், தும்மியது எந்த எறும்பு, அதற்குச் சளி பிடித்து எத்தனை நாளாகிறது என்பதுவரை சொல்லிவிடுவாள். பயமோ, அவள் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. அப்பேர்ப்பட்டவளின் வேலைக்கே ஒரு பெட்டி உலை வைத்தது.

வானொலி நிலையத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவள் அவள். தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கும் ஆர்டர் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் செய்தி வாசிப்பவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். குரலுக்காக எல்லோரும் அவரை ‘வெண்கலம்’ என்பார்கள். அன்று வெண்கலம் தகரமாகக் கத்தியது.

“காதுக்குள்ள வெடி வச்ச மாதிரி இருக்கு சார்! நேத்தும் இப்படித்தான். இந்தப் பொண்ணு அந்தப் பெட்டியத் தொட்டதுலேருந்துதான்!”

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். “அடுத்த செய்திக்குள்ள சரி பண்ணும்மா. மறுபடி வெடிச்சா பையத் தூக்கிட்டுக் கெளம்பிடு.”

பெட்டி ஒரு செங்கல் அளவுதான். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒலியை வாசிப்பவரின் ஹெட்ஃபோனுக்குக் கொண்டுசேர்ப்பது. அக்கா மூடியைக் கழற்றினாள்.

கம்ப்யூட்டருக்குப் பாட்டும் தெரியாது, பேச்சும் தெரியாது. எல்லாமே எண்கள். நொடிக்குப் பல ஆயிரம் எண்கள் வயர் வழியே வந்து விழும். நகத்தளவு சிப் ஒன்று ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய மின்னழுத்தமாக மாற்றும். பக்கத்தில் ஒரு படிகம் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் ஒலி கலங்கிவிடும். சிப்பிலிருந்து வருவது மாடிப்படி போல ஏறி இறங்கும். அடுத்திருக்கும் வடிகட்டி அந்தப் படிகளின் முனைகளை இழைத்து வழவழப்பாக்கும். இப்போது ஒலிக்கு உருவம் வந்துவிட்டது, ஆனால் நோஞ்சான். ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் கம்பிச்சுருளை அசைக்கத் தெம்பு கிடையாது. டிரான்சிஸ்டர்கள்தான் மின்னோட்டம் கொடுத்து அதற்குத் தோள்கொடுக்கும்.

கடைசியில், வாசலில் ஒரு ரிலே. அது அக்காவே முந்தாநாள் வைத்தது. ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே மின்சாரம் கொஞ்ச நேரம் தள்ளாடும். அப்படியே வெளியே போனால் காதில் தொப்பென்று அடிக்கும், அந்தக் கம்பிச்சுருள்கூடக் கருகலாம். எல்லாம் நிதானத்துக்கு வரும்வரை ரிலே கதவைச் சாத்தி வைத்திருக்கும். பிறகு ‘டக்’. கதவு திறக்கும். யாரும் கேட்காமல் செய்த நல்ல காரியம். அதனாலேயே யாரிடமும் சொல்லவும் இல்லை.

மல்டிமீட்டரை ஒலி வெளியேறும் முனையில் வைத்துப் பார்த்தாள். வீண் மின்னழுத்தம் இல்லை. தாளம் சரி. சால்டர் வைத்து ஒட்டிய இணைப்பெல்லாம் பளபளத்தது. தன் காதிலேயே மாட்டிக் கேட்டாள். எறும்பு நிபுணருக்கே குறை தெரியவில்லை. கோளாறு உள்ள பெட்டியை மடக்கிவிடலாம். கோளாறே இல்லாத பெட்டியை என்ன செய்வது? சுவர்க் கடிகாரம் அவளைவிட வேகமாக வேலை பார்த்தது. சும்மா ஒரு சிப்பை மாற்றிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிடலாம். மறுபடி வெடித்தால்? வெடிப்பது ஒரு மனுஷனின் காதுக்குள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒலிபரப்பு அறையில் மாட்டினாள். வெளியே வராமல் சுவரோரம் நின்றுகொண்டாள்.

“இங்கயே நிக்கப் போறியா?” என்றார் வெண்கலம். “காவலுக்கா, கண்ணு வைக்கவா?”

“ரெண்டுக்கும்தான் சார்.”

கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் கைகட்டி நின்றார். செய்திக்கு முன்வரும் இசை ஓட ஆரம்பித்துவிட்டது. வெண்கலம் ஹெட்ஃபோனை மாட்டி, பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். சத்தம் வரவில்லை. முகத்தைச் சுளித்தார். கை வால்யூம் குமிழுக்குப் போனது. கொஞ்சம் திருகினார். ஒன்றுமில்லை. இன்னும் திருகினார். அப்புறம் ஒரேயடியாகக் கடைசிவரை.

அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கதவு சாத்தியிருப்பது தெரியாத மனுஷர், அதன் பின்னால் வெள்ளத்தைத் தேக்கிக்கொண்டிருந்தார். ஒரே பாய்ச்சல். கை துளிகூட நடுங்கவில்லை. ஹெட்ஃபோனை அவர் தலையிலிருந்து பிடுங்கினாள்.

“ஏய், என்ன பண்றே...”

டக்.

அவள் கையிலிருந்த ஹெட்ஃபோன் திருவிழா ஸ்பீக்கர் போல அலறியது. குமிழைக் குறைத்து, அதை அவர் தலையில் திரும்ப மாட்டினாள். ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. “வணக்கம்” என்றது வெண்கலம், ஒன்றுமே நடக்காததுபோல.

செய்தி முடிந்ததும் மேனேஜர் உள்ளே வந்தார். “பெட்டியில கோளாறா, ஆளுகிட்ட கோளாறா?”

வெண்கலத்தின் பக்கம் கைகாட்டினால் போதும், வேலை தப்பித்துவிடும்.

“என்கிட்ட சார். உள்ள ஒரு கதவு வச்சேன். அது தெறக்கக் கொஞ்ச நேரமாகும்னு யாருக்கும் சொல்லல.”

மேனேஜர் மோவாயைத் தடவினார். “ஒரு லைட்டாவது போட்டிருக்கலாம்ல?”

“போட்டுடுறேன் சார். தெறக்கற வரைக்கும் சிவப்பு, தெறந்ததும் பச்சை.”

“போட்டுட்டு வந்து ஆர்டர வாங்கிக்கோ.”

வெண்கலம் காதைத் தேய்த்துக்கொண்டே, “அப்படியே என் காதுக்கும் ஒரு லைட்டு போடும்மா” என்றார்.

இதையெல்லாம் அக்கா சமையலறையில் அம்மாவிடம் சொன்னாள். வீட்டிலும் அவள் செய்த பெட்டி ஒன்று உண்டு. வந்ததும் முதல் வேலையாக அதற்கும் விளக்கு வைத்திருந்தாள். கூடத்தில் தம்பி அதில் ஹெட்ஃபோனைச் சொருகி மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி வீட்டுப்பாடம் எழுதினான். வீட்டுப்பாடம் எழுதுகிற ஜாதியில்லை அவன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“என்ன பாட்டுடா?”

“செம பாட்டுக்கா.”

“லைட்டு சிவப்பாக்கூட எரியலையே. ஸ்விட்சே போடாம செம பாட்டா?”

தாளைப் பிடுங்கி மேலிருந்து படித்தாள். எறும்பு தும்மிய இடத்தில் சிரித்தாள். பாதிக்குமேல் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“எறும்பு இருந்துட்டுப் போகட்டும். ‘கை துளிகூட நடுங்கவில்லை’யாம். வெடவெடன்னு நடுங்குச்சுடா. அம்மாகிட்ட அதைத்தானே மொதல்ல சொன்னேன்? ஒட்டுக்கேக்கறவன் ஒழுங்கா கேக்க வேணாமா?”