வடசேரியில் கேட்ட ‘வரல்ல’

வீடற்றோர் தங்குமிடத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் நாள், வடசேரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஒருவரை எழுப்பிக் கட்டில் தருவதாகச் சொன்னேன். அவர் எங்கள் ஆபீசுக்கே ஆடிட்டுக்கு வந்தவர். பஸ் வரும்வரை கண்ணயர்ந்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் நான்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒருமுறை சிரிப்பில் முடியவில்லை.

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் பிளாட்பாரத் தூணருகே இரண்டு துணிப்பைகளோடு நாள்கணக்கில் இருந்தார். காலையில் போய்க் கேட்டேன்.

“எக்கா, எங்க இடத்துக்கு வாரியளா? கட்டில் உண்டு, சோறு உண்டு.”

பஸ் நுழையும் வழியையே பார்த்துக்கொண்டு, “வரல்ல” என்றார்.

அடுத்த வாரமும் அதே பதில். மூன்றாவது வாரம், “பேன்கூட உண்டு எக்கா, சில நாள் சுத்தவும் செய்யும்” என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன்.

“வரல்ல.”

அதிகாரியிடம் சொன்னேன். “மூணு தடவ கேட்டாச்சில்லா ஓய்? சொந்த விருப்பம்னு எழுதும். இனி அங்க போவாண்டாம்” என்றார். கோழி கிளறியது போன்ற என் கையெழுத்து, அன்று ரெஜிஸ்டரில் அச்சு மாதிரி விழுந்தது: ‘வர மறுப்பு. சொந்த விருப்பம்.’

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதையே வேடிக்கையாகச் சொன்னேன். “நம்ம கட்டிலவிட சிமென்ட் தரை மெத்துன்னு இருக்கும் போல. வரல்லன்னுட்டாவ.”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“உம்மகூட வரல்லன்னா சொன்னா? அவளுக்க அண்ணன் இன்னும் வரல்லன்னுல்லா ஓய் சொன்னா! ‘இங்கனயே இரி, இப்ப வாரேன்’னு இறக்கிவிட்டுட்டுப் போனானாம். எடத்த விட்டா அவன் தேடுவானேன்னு கக்கூசுக்குக்கூட ஓடிப்போயிட்டு ஓடி வருவா.”

ஓடினேன். தூணருகே யாரும் இல்லை. இரண்டு நாளாகக் காணோம் என்றார் பக்கத்தில் பூ விற்றவர். கோட்டாறு, ஆரல்வாய்மொழி வரை தேடினோம். கிடைக்கவில்லை.

டீக்கடையில் எங்கள் நம்பரைக் கொடுத்து, ‘அண்ணன் வந்தா அங்க அனுப்புங்க’ என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்லியிருந்தால், என்னோடு வந்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ரெஜிஸ்டரில் அந்த வரியைத் திருத்த அனுமதி கேட்டேன். “ஆளையே காணல்ல. இனி எழுத்தத் திருத்தி என்ன ஓய் செய்ய?” என்றார் அதிகாரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் மறுத்தால் பேனாவை மூடி வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள். நான் மூன்று முறையும் நின்றுகொண்டேதான் கேட்டேன்.