வாளியில் பிடித்த தண்ணீர்

தையல் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்குத் தண்ணீர் வீணாவதைக் கண்டாலே ஆகாது. வீட்டில் ஹீட்டர் ஒரு மூலையில், குளியலறை இன்னொரு மூலையில். சுடுதண்ணீர் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் ஒரு வாளி பச்சைத்தண்ணீர் ஓடிவிடும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பிடித்துவைத்து, மாலையில் வேலை முடிந்து வந்து வீடு துடைப்பாள். கணவரும் தான் குளிக்கும்போது ஒரு வாளி பிடித்துவைப்பார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை சொன்னாப் போதும்" என்று கூடத்துப் பெண்களிடம் பீற்றிக்கொள்வாள்.

அன்று விடுமுறை. கணவர் குளித்துவிட்டு வாளியை வெளியே வைத்ததுமே, துடைக்கும் துணியை முக்க அதில் கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

"ஏங்க, பச்சைத்தண்ணியப் பிடிச்சிருந்தா இது எப்படிச் சுடும்?"

தலை துவட்டிக்கொண்டிருந்த கணவர் துண்டைத் தோளில் போட்டார். "குழாயத் திறந்துவிட்டுட்டு ஷேவ் பண்ணுவேன். அதெல்லாம் ஓடிடும். நீ கேப்பியேன்னு கடைசியில நிரப்பி வெச்சிடுவேன்."

"எப்பருந்து?"

"ஆரம்பத்துல இருந்தே."

மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தன்னை ஏமாற்றுவதற்கென்றே தினமும் இன்னொரு வாளி சுடுதண்ணீரையும் அல்லவா பிடித்திருக்கிறார்!

"இனிமே நீங்க வாளியத் தொடவேண்டாம்."

மன்னிப்பாவது கேட்பார் என்று நின்றாள். "சரிம்மா" என்றார் அவர். பாரம் இறங்கியவர் போல அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.