படலுக்கு வெளியே

“நாலு எழுத்து படிச்சிட்டா பரங்கிக்கொடி உன் பேச்சக் கேக்குமாம்மா?” என்று பெரியப்பா கேட்டபோது, அவருடைய துண்டில் ஒரு மடி மஞ்சள் பூ இருந்தது. அந்தப் பூக்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

அது சித்திரை மாதம். திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், ஆண்களையும் சேர்த்து. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. விடிந்ததும் வீடு முழுவதும் கொல்லையில் இறங்கிவிடும். அப்பா மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார். அம்மா கத்தரிக்குக் களை கொத்துவாள். கூழும் பச்சை வெங்காயமும் கொல்லைக்கே வந்துவிடும். சிரிப்பும் கேலியுமாக வேலை நடக்கும். சித்தி மட்டும் வேலிப் படலுக்கு வெளியே நிற்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அவள் காலடி பட்டால் பிஞ்சு உதிரும் என்று பெரியப்பா விதி வைத்திருந்தார். ஊர்க்கிணற்றிலிருந்து குடிதண்ணீர் சுமந்து வருவது அவள்தான். படலருகே குடத்தை இறக்கி வைப்பாள். உள்ளே இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் சுமக்க அவள் தலை வேண்டும், கொல்லைக்குள் அவள் கால் மட்டும் ஆகாது. அப்படியும் பரங்கிப் பிஞ்சுகள் பழுத்துப் பழுத்து விழுந்தன. எட்ட நின்று பார்க்கும் அவள் கண்தான் காரணம் என்றார்கள். வைகாசிக்குள் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்துவிட வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

காரணம் பெரியப்பாவின் கையிலேயே இருந்தது. கீழே பிஞ்சு இல்லாத பூவெல்லாம் மலட்டுப் பூ, கொடியின் சத்தை வீணாக உறிஞ்சும் என்று சொல்லி, தினமும் காலையில் ஒன்று விடாமல் கிள்ளி மாட்டுக்குப் போடுவார். அவை ஆண் பூக்கள். அவற்றின் மகரந்தம் படாமல் எந்தப் பிஞ்சும் நிற்காது. எங்கள் ஆசிரியை மேசைமேல் ஒரு பூவைப் பிளந்து காட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

பெரியப்பா பூவோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனதும் சித்தி மெதுவாகக் கூப்பிட்டாள். கொடி வேலியைத் தாண்டி அவள் பக்கம் இறங்கியிருந்தது. இலைக்கடியில் அவர் கண்ணில் படாத ஒரு பூ.

“இது போதுமாடி?”

படலைத் திறந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அம்மா தலை நிமிராமல், “அவரு வர்றதுக்குள்ள ஜல்தி முடிங்க” என்றாள். இதழ்களை உரித்துவிட்டு, விரிந்திருந்த இரண்டு பெண் பூக்களில் நடுத்தண்டைத் தடவச் சொன்னேன். தடவியது சித்தியின் கைதான்.

இரண்டும் நின்றன. பந்தாகி, குடமாகிப் பெருத்தன. இனி யாரும் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். வேலியில் தான் கட்டிவைத்த பழஞ்செருப்பால் திருஷ்டி கழிந்தது என்றார் பெரியப்பா. அம்மாவிடம் உண்மையைச் சொல்லச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆனியில் சித்தப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. பந்திக் குழம்புக்கு அந்தப் பரங்கிகளையே வெட்டினார்கள். அரிந்து கொடுத்தவள் சித்தி. பந்தலுக்குள் வரத்தான் அவளுக்கு அனுமதி இல்லை.

படிப்பு முடிந்து விழுப்புரத்தில் ஆசிரியை வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் சித்தியை அழைத்து வந்தது. எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் இப்போது பரங்கி படர்ந்திருக்கிறது. விடியும்முன் ஆண் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் போய் வருகிறவள் அவள்தான்.

போன மாதம் ஊரிலிருந்து செய்தி வந்தது. புதிதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லையாம். அவளையும் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கத்தினேன். சித்தி எச்சில் கையோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “கத்திக்கினு இருக்காத. போய் அதையும் இட்டுக்கினு வா. பாவம், அதுக்கு யாரு இருக்கா?”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தப் பெண் குடத்தோடு படலருகில் நின்றிருந்தாள். உள்ளே பெரியப்பா, அதே மஞ்சள் மடியோடு. என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் தலையிலிருந்த குடத்தை இறக்கி, நானே படலைத் திறந்து உள்ளே போய்ப் பரங்கிக்கொடியின் வேரில் ஊற்றினேன். காலிக் குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர்.