விடியற்காலைக் கதவு

மாசாய் ஊரில் எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம் நின்றால், தூரத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரியும். இரவெல்லாம் காற்று அசையாது. புகை மேலே போகாமல் தாழ்ந்து கிடக்கும். அதனால் விடியற்காலையில்தான் கந்தக வாடை அதிகம். தீக்குச்சியை மூக்கருகே உரசியது மாதிரி இருக்கும். மத்தியானம் வெயில் ஏறி, கடற்காற்று வந்தால் கலைந்துவிடும்.

காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று கைப்பேசியில் தினமும் பார்ப்பேன். ஆண்டுக் கடைசி மழையில் எண் இறங்கும். ஆண்டு நடுவில், கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிற புகையும் வந்து சேர்ந்துகொள்ளும். அப்போது மத்தியானமும் உதவாது.

என் மனைவிக்கு ஆஸ்துமா. ஆனாலும் விடியுமுன் வாசல் கதவை விரியத் திறந்து, இருமிக்கொண்டே விளக்கேற்றுவாள். வெயில் ஏறியதும் சூடு என்று சாத்திவிடுவாள். கெட்ட காற்றை வரவேற்று நல்ல காற்றை விரட்டுகிற வீடு இது ஒன்றுதான் என்பேன்.

"கதவச் சாத்து. எண்ணப் பாரு, செவப்புல இருக்கு."

"லெட்சுமி வர்ற நேரங்க."

"மத்தியானம் வரச் சொல்லு."

"மத்தியானம் வர்றது போஸ்ட்மேன் லா."

ஒரு தடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகுதான் என் பேச்சைக் கேட்டாள். அன்றிலிருந்து சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே விளக்கேற்றினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். இருந்தாலும் அவள் எழுவதற்கு முன்பே எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். அதுவே என் பழக்கமாகிவிட்டது.

அந்த ஆண்டு புகைமூட்டம் வாரக்கணக்கில் நின்றது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனவள் பிழைக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். சாவு வீடு, கதவு திறந்தே கிடந்தது. விடியற்காலையில் அந்த வாடை உள்ளே வந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கூடத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பெக்கோக்கிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"மாப்ள, தெறந்தே இருக்கட்டும்."

"பொக உள்ள வருது," என்றேன்.

அவர் மெதுவாகத் தாழ்ப்பாளை எடுத்து, கதவை அவள் திறப்பது போலவே விரியத் திறந்தார். வாடை கூடம் முழுக்க நிறைந்தது. அவள் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் காது கொடுத்துக் காத்திருந்தேன். அவள் இருமவில்லை.