கூடையில் போட்ட வசனம்

முள்ளிப்பட்டு ஞானசிகாமணி வாரநாளில் பட்டு நெய்வார், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டங்களில் பிரசங்கம் செய்வார். எங்கே ஆரம்பித்தாலும் வேதாகமத் தீர்க்கதரிசி எரேமியாவில்தான் வந்து நிற்பார். கல்யாணம் கட்டாதே என்று கடவுளே தடுத்த மனிதர், ஊர் அழியும் என்று சொன்னதற்காகச் சேற்றுக்குழியில் இறக்கப்பட்டவர் என்று, சொந்த அண்ணன் பட்ட பாட்டைப் போலச் சொல்வார். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆசீர்வாதம், அதுவும் உடனே.

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது சபை வழக்கம். அந்த வருஷத்துக்கென்று கடவுள் தனக்குச் சொன்ன வார்த்தை அது என்று நம்புவார்கள். சீட்டு எழுதுவது ஞானசிகாமணியின் வேலை. போன முறை எழுதும்போது அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எல்லாமே சர்க்கரைப் பாகாகவா இருக்கவேண்டும்? இந்த வருஷமே நீ சாவாய் என்று ஒரு பொய்த் தீர்க்கதரிசியிடம் எரேமியா சொன்னாரே, அதை ஒரு சீட்டில் எழுதிக் கூடையில் போட்டுவிட்டார். யாருக்கு வேண்டுமோ அவர் கைக்குக் கர்த்தரே கொடுக்கட்டும்.

கூடை காலியான பிறகுதான் அது யார் கைக்குப் போயிற்றோ என்று யோசித்தார். சீட்டை யாரும் உரக்கப் படிப்பதில்லை, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரென்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வருஷம் முழுக்க அது அவரைத் துரத்தியது. சபையில் யாராவது இருமினால் தூக்கம் போயிற்று. வேளை கெட்ட வேளையில் கோயில் மணி அடித்தால் சாவு மணியோ என்று தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினார். துரைக்கண்ணு பெரியவர் இறந்தபோது சவப்பெட்டி அருகே உட்கார்ந்து, "அவருக்கு இன்னா வசனம் வந்துச்சுங்க?" என்று அவர் மனைவியைக் கேட்டார். வந்தது வேறு வசனம். ஞானசிகாமணிக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தச் சீட்டு இவரோடு போயிருக்கக் கூடாதா என்று நினைத்த தன் மனதைக் கண்டு அன்று சோறு இறங்கவில்லை.

டிசம்பர் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தவரிடம் பக்கத்துத் தெரு நான்சி வந்தாள். பிப்ரவரியில் தலைச்சன் பிள்ளை பெற்றவள். கையில் அந்தச் சீட்டு இருந்தது.

"அய்யா, இந்த வருஷம் முடிஞ்சிட்டா எனக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"உனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அது கர்த்தர் குடுத்தது இல்ல. நான் கோவத்துல எழுதிப் போட்டுட்டேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. சீட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் போயிட்டா கொழந்தை ஏங்கிகினு கெடக்கக் கூடாதுன்னு, பொறந்ததுலேர்ந்து மாமியார்கிட்டயே உட்டுட்டேங்க. பாலும் புட்டிப்பாலுதான். யாருக்கும் காரணம் சொல்லல. இப்ப நான் தூக்குனா வேத்து ஆளுன்னு கத்துது."

எரேமியா அழுதுகொண்டே சொன்னவர். ஞானசிகாமணி அழவில்லை, ரசித்து ரசித்து எழுதினார்.

"எப்பங்க கொழந்தை என்கிட்ட வரும்?" என்று கேட்டாள் நான்சி. புதுச் சீட்டு எழுத எடுத்த பேனாவை அவர் மூடி வைத்தார்.