கோப் கணவாயில் இறங்கிய தஹ்சின்

துருக்கி மலைகளில் உள்ள கோப் கணவாயில் பனி கொட்டும் மாதங்களில் நஸ்மியேயின் லாரியைத் தெரியாத ஆள் இல்லை. ஓட்டுவது அவள். பக்கத்து இருக்கையில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது அவள் புருஷன் தஹ்சின்.

முன்பெல்லாம் அவன்தான் ஓட்டினான். ஒரு குளிர்காலம், "ரெண்டு வளைவுதானே, இதுக்குப் போய் யாரு சங்கிலி மாட்டுவா?" என்று, பனியில் சறுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலி இல்லாமலே மேலே ஏறினான். இரண்டாவது வளைவில் லாரி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவன் இடுப்பெலும்பு முறிந்தது. லாரி சீக்கிரம் தேறிவிட்டது; அவன் தேறவில்லை. அப்பா வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியிருந்த நஸ்மியே, கனரக வண்டி உரிமம் எடுத்து எர்சுருமிலிருந்து கணவாயைத் தாண்டிப் பாய்புர்ட்டுக்கு மாவு மூட்டை ஏற்ற ஆரம்பித்தாள். தஹ்சின் கூடவே வந்தான். ஆனால் கணவாயில் மட்டும் காலைக் கீழே வைக்க மாட்டான்.

"கொக்கி வெளிப்பக்கம் பாத்து இருக்கணும்டி! உள்ள திரும்பியிருந்தா டயரைக் கிழிச்சிடும்!" என்று அவள் சங்கிலி மாட்டும்போது ஜன்னல் வழியாகக் கத்துவான்.

"கத்துற வாய்க்கு ஒரு சங்கிலி இருந்தா முதல்ல அதைத்தான் மாட்டுவேன்" என்பாள் அவள், பனியில் மண்டியிட்டபடி.

போன தை மாதம் ஒரு காலையில், மேல் வளைவில் மஞ்சள் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே நின்றது. ஓட்டி வந்த ஓனுர், பனியே பார்க்காத மெர்சின் கடற்கரைப் பையன். ஆரஞ்சுப்பழம் ஏற்றி வந்திருந்தான். காலடியில் புத்தம்புது சங்கிலி, பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரிக் கிடந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இறங்கி வந்து உதவ மாட்டாரா?"

"அவர் சுல்தான், இறங்க மாட்டார். நீ அந்த முனையைப் பிடி."

சிக்கெடுத்து, சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தினார்கள். உள்பக்கக் கொக்கியை மாட்ட நஸ்மியே சக்கரத்துக்குப் பின்னால் தோள்வரை கையை நுழைத்தாள். கை பிரேக் போட்டுத்தான் இருந்தது. ஆனால் சாலையே கண்ணாடியாக உறைந்திருந்தால் பிரேக் என்ன செய்யும்? லாரி மெல்லப் பின்னால் நழுவியது. அவள் கையுறை கொக்கியில் மாட்டிக்கொண்டது.

"அக்கா, நழுவுது!" ஓனுர் பின்பக்க பம்பரைப் பிடித்துத் தள்ளினான். அத்தனை டன் லாரி அவனைச் சட்டை செய்யவில்லை.

நஸ்மியே கையை இழுத்தாள், வரவில்லை. அடுத்து அவள் கண்டது, நொண்டிக்கொண்டே ஓடிவந்து சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகிக் காலால் உதைத்துக்கொண்டிருந்த ஓர் ஆளை. லாரி ஒருமுறை முனகி நின்றது. ஆள் தஹ்சின்.

கையுறையை விட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். இருவரும் பனியில் உட்கார்ந்தார்கள்.

"இறங்கிட்டீங்களே!" என்றாள்.

"நீ செத்துட்டா நான் யாரைத் திட்டுறது?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி மறுபடி சிரிப்பானது. ஓனுர் என்ன செய்வதென்று தெரியாமல் இருவருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தான்.

நஸ்மியே தங்கள் லாரிக்குள் ஏறச் சொல்லியும் தஹ்சின் ஏறவில்லை. மறுபக்கச் சக்கரத்துக்குப் போய்ச் சங்கிலியைப் போர்த்தினான். "தள்ளி நில்லு தம்பி, கண்ணால பாத்துக் கத்துக்கோ" என்று ஓனுரை விரட்டினான். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, தளர்ந்த சங்கிலியை மறுபடி இறுக்கினார்கள். மஞ்சள் லாரி கடகடவென்று சத்தம் போட்டபடி கணவாயைத் தாண்டியது.

இப்போது இடப்பக்கச் சக்கரங்கள் தஹ்சினுடையவை, வலப்பக்கம் அவளுடையவை. யார் மாட்டியது இறுக்கம் என்ற சண்டை மட்டும் பாய்புர்ட் போய்ச் சேரும்வரை ஓய்வதில்லை.